நாற்பதைத் தாண்டாதே

உங்கள் மின்விசிறி சுற்றும்போது ஒரே இடத்தில் முனகுகிறது, மேடம். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். குறையாகச் சொல்லவில்லை, தொழில் பழக்கம். கைப்பேசி விளையாட்டுகளுக்கு இசை போடுகிறவன் நான். ஒரு சின்ன இசைத்துண்டு சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்க வேண்டும், ஆனால் அது மறுபடி ஆரம்பிக்கிற இடம் யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் ஆடுகிறவர் எரிச்சலாகிச் சத்தத்தை அணைத்துவிடுவார். புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் பாடம் இதுதான்.

வாக்குமூலத்தை எழுத்துத் தமிழிலேயே சொல்கிறேன். தட்டச்சு செய்கிற ஏட்டய்யாவுக்குச் சிரமம் குறையும். மற்றவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசியபடியே சொல்லிவிடுகிறேன். அவர்கள் வாயில் இலக்கணத்தைத் திணிக்க எனக்கு உரிமை இல்லை.

பெயர் கோதண்டபாணி. விருத்தாசலத்தில் ஜங்ஷன் ரோட்டில் மாடி வீடு. முன்பு திருவிழாக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தேன். பிறகு பாண்டிச்சேரியில் விளையாட்டுகள் தயாரிக்கிற ஒரு கம்பெனிக்கு இசை போட ஆரம்பித்தேன். யூடியூபில் ஒரு சேனல் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் மாடி அறையில் வகுப்பும் உண்டு. இந்த ஊரில் பீங்கான் பொம்மை செய்கிறேன் என்றால் தலையை ஆட்டுவார்கள். ஃபியூஸ் கட்டை செய்கிறேன் என்றால் உட்கார நாற்காலி போடுவார்கள். விளையாட்டுக்கு இசை போடுகிறேன் என்றால், வேறு என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

என் மனைவியின் தம்பி மாணிக்கவேல் ஒரு தீபாவளியன்று, சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது, "கேம்ல பாட்டெல்லாம் வருதா மாமா? நான் சவுண்ட ஆஃப் பண்ணிட்டுல்ல ஆடுவேன்" என்றான். நல்ல பையன். தொழிற்பேட்டையில் பீங்கான் பட்டறை வைத்திருக்கிறான். அவன் சொன்னதை நான் அப்போதே மன்னித்துவிட்டேன். எந்த வருஷத்துத் தீபாவளி, அவன் என்ன சட்டை போட்டிருந்தான் என்பதெல்லாம் சும்மா ஞாபகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

என் மனைவி அமுதவள்ளியைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். வருகிறேன்.

சேனலுக்கு நான் பாடம் எடுக்கும்போது கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள்தான். ஒரு ஸ்டாண்டு வாங்கலாமே என்று ஒருமுறை கேட்டாள். பொண்டாட்டி இருக்கும்போது ஸ்டாண்டு எதற்கு என்றேன். சிரித்தாள். எங்கள் வீட்டில் நகைச்சுவைக்குக் குறைவில்லை. அப்படி நின்று நின்று என் பாடங்கள் அத்தனையையும் அவள் கேட்டிருக்கிறாள். ராகம் எளிமையாக இருக்கட்டும், ஆடுகிறவர் குளிக்கும்போதும் அது வாயில் வர வேண்டும். கத்தி வீசுகிற சத்தத்துக்கும் காசு விழுகிற சத்தத்துக்கும் இசையில் இடம் விடுங்கள். கையில் கிடைத்த வாத்தியத்தையெல்லாம் ஒரே குண்டானில் கொட்டாதீர்கள். இதையெல்லாம் மற்றவர்கள் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். அவள் மறக்கவில்லை. அதை நான் கவனிக்காமல் போனது என் பிழை.

ஒரு நாள் படம் பிடித்து முடித்த பிறகு, "ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றாள். "கேம்ல காட்டுக்குள்ள ஓடுறதுக்கு நீங்க போட்ட பாட்டு இருக்குதுல்ல, அது மறுபடி ஆரம்பிக்கிற எடத்துல லேசா தடுக்கி விழுது."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. கோபப்படுகிற ஆளே இல்லை நான். தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று அவளுக்கு விளக்கினேன். பிறகு அவள் பழமலைநாதர் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அந்த இடத்தைச் சரிசெய்தேன். அவளுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்றுதான் அவள் இல்லாதபோது செய்தேன்.

அதன் பிறகு, எனக்கும் சொல்லிக் கொடுங்களேன் என்று கேட்டாள். மனைவி கற்றுக்கொள்வதைத் தடுக்கிற பத்தாம்பசலியா நான்? பழைய கம்ப்யூட்டரைத் துடைத்துக் கொடுத்தேன். புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கிற அதே பயிற்சியைக் கொடுத்தேன். தெரிந்த தாலாட்டு ஒன்றை எடுத்துக்கொள், அதே ராகத்தை ஒரு குகைக்குள் நடப்பதற்கு ஏற்ற மாதிரி மாற்றி அமைத்துக் கொண்டுவா என்றேன். சாதாரணமாக எல்லாரும் அதன்மேல் நாலு முரசைப் போட்டு எதிரொலியை ஏற்றிக் கொண்டுவருவார்கள்.

இவள் தம்பியின் பட்டறைக்குப் போனாள். கல்யாணத்துக்கு முன்பு அங்கே ஆபீஸ் வேலை பார்த்தவள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சூளையிலிருந்து எடுத்த கோப்பைகளை அடுக்குகிற சத்தம், தட்டில் ஃபியூஸ் கட்டைகள் உருளுகிற சத்தம், காலி ஜாடிக்குள் அவளே மெதுவாக ஊதிய சத்தம், எல்லாவற்றையும் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு வந்தாள். அவற்றைத் தாளமாக அடுக்கி, அடியில் தாலாட்டை ரொம்ப நிதானமாக ஓடவிட்டிருந்தாள். கேட்டால் இருட்டுக்குள் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் நாம் நிற்கிறோம், யாரோ நமக்காகப் பாடுகிறார்கள் என்று தோன்றும். நடுவில் ஒரு இடத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டிருந்தாள். கேட்கிறவருக்கு மூச்சுவிட இடம் கொடுங்கள் என்று நான் வகுப்பில் சொல்வேன். சொல்வேனே தவிர, நான் கொடுத்ததில்லை.

சுமார் என்றேன்.

அந்தத் துண்டு, நான் கம்பெனிக்கு அனுப்பிய துண்டுகளோடு தவறுதலாகப் போய்விட்டது. எனக்கு ஓட்டிக் காட்டுவதற்காக என் கம்ப்யூட்டரிலேயே, என் துண்டுகள் இருந்த இடத்தில் சேமித்திருந்தாள். இரண்டு நாளில் பாண்டிச்சேரியிலிருந்து சௌந்தர்யா கூப்பிட்டாள். இசை வேலைகளைப் பார்த்துக்கொள்கிற பெண். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன்.

"சார், கடைசியா ஒரு ஃபைல் இருக்குதே, அது யாரு பண்ணது? உங்க ஸ்டைல் இல்லையே அது."

எவ்வளவு மரியாதையாகச் சொன்னாள், பாருங்கள். அமுதா பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் மனைவி விளையாட்டாகப் பண்ணினது என்றேன். விளையாட்டுக்கு இனி அவங்களே பண்ணட்டும் சார் என்று சௌந்தர்யா சிரித்தாள். புது விளையாட்டில் பூமிக்கு அடியில் நடக்கிற பகுதி முழுக்க அமுதாவுக்கு என்று ஆயிற்று. எனக்குப் பட்டனை அழுத்தினால் வருகிற 'டிங்' ஒலியைக் கொடுத்தார்கள். அதுவும் முக்கியமான வேலைதான். டிங் இல்லாமல் எந்த விளையாட்டும் ஆரம்பிக்காது.

நான் சந்தோஷப்பட்டேன். அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய் அவளுக்கு அல்வா வாங்கி வந்தேன்.

ஆனால் ஆசிரியன் என்கிற முறையில் ஒரு கவலை வந்தது. திறமை தானாக வந்தவர்களுக்கு அடி தாங்கத் தெரியாது. நாளைக்கு யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் இவள் உடைந்துபோவாள். அதைப் பார்க்க எனக்கு மனசு இல்லை. அவளைக் காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பு என்று பட்டது. நிதானமாக யோசித்தேன். அவசரத்தில் செய்த காரியம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

எங்கள் கல்யாண நாளுக்கு நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். காதை முழுசாக மூடுகிற வகை. அவள் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்து, "பைலட்டு மாதிரி இருக்குறேன்ல?" என்றாள். அதற்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில், மேசைக்கு அடியில், சத்தத்தைக் கூட்டித் தருகிற ஒரு சின்னப் பெட்டியை வைத்தேன். ஒலி தெளிவாக வருவதற்கு என்று சொன்னேன். அதன் திருகு சுவர்ப் பக்கம் இருந்தது. திரையில் சத்தத்தின் அளவு எண்ணாகத் தெரியும். புதியவர்களுக்கு நான் சொல்கிற எச்சரிக்கையை அவளுக்கும் மறக்காமல் சொன்னேன்.

"நாப்பதத் தாண்டாத அமுதா. காது போச்சுன்னா திரும்பி வராது."

அவள் தாண்டவே இல்லை. திரையில் நாற்பது என்பது நாற்பதாகவே இருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் பெட்டியின் திருகை மயிரிழை அளவு நகர்த்துவேன். மனிதக் காது ரொம்ப மரியாதையான உறுப்பு, மேடம். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் எவ்வளவையும் ஏற்றுக்கொள்ளும். புகார் சொல்லாது. முதலில் கொஞ்சம் மந்தமாகும். அதனால் போன வாரத்துச் சத்தம் இந்த வாரம் குறைவாகத் தெரியும். அவளே, "கொஞ்சம் கம்மியா இருக்குதுங்க" என்பாள். நாற்பதைத் தாண்டாதே என்பேன். சரிங்க என்பாள். அப்புறம் நான் திருகுவேன். கேட்டதைக் கொடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். குகைக்குப் பிறகு பாதாள ஆறு, அதன் பிறகு புற்றுக்குள் இருக்கிற ஊர். ஒவ்வொன்றும் முந்தினதைவிட நன்றாக இருந்தது. நான் ஒவ்வொன்றையும் சுமார் என்றேன்.

சில மாதத்தில், "காதுக்குள்ள சில்வண்டு கத்துற மாதிரியே இருக்குதுங்க. படுத்தாகூட நிக்க மாட்டேங்குது" என்றாள். பயந்திருந்தாள். அது காது திறந்துகொள்வதற்கான அடையாளம், நல்ல இசைக்காரர்கள் எல்லாருக்கும் ஆரம்பத்தில் வரும், எனக்கும் வந்தது என்றேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தம்பிக்கு ஃபோன் போட்டு, "எனக்குக் காது தொறந்துருச்சுடா" என்று சொன்னாள்.

இந்த இடத்தில் வேல்விழியைப் பற்றிக் கேட்பீர்கள். கம்மாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து ஞாயிறு வகுப்பில் படிக்கிற பெண். உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள் என்று தெரியும். உண்மைதான். அமுதா சில்வண்டு என்று சொன்ன அதே மாதம் அவளும், "சார், காதுல ஒரே எரைச்சலா இருக்குது" என்றாள். நான் பதறிப்போனேன். "மொதல்ல ஹெட்போன கீழ வை. ஒரு வாரம் தொடாத. நாளைக்கே காது டாக்டரப் பாரு" என்றேன். அவள் காது இப்போது நன்றாக இருக்கிறதாம். நல்ல ஆசிரியர் என்று அவளே சொல்லியிருப்பாளே? நான் அவளிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அமுதா கீழே சமையல்கட்டில் எங்கள் இருவருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

கீச்சென்று உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். அவளுக்கு முதலில் போனது குயில். பிறகு ஃபோன் மணி, குக்கர் விசில். பேச்சில் ச, ஸ எல்லாம் உதிர்ந்தன. "சோறு" என்றால் "ஆறா?" என்பாள். எனக்குத் தொழில்ரீதியாக அது சுவாரசியமாக இருந்தது. அந்த உயர்ந்த ஒலிகள் கேட்காததால் தன் இசையில் அவற்றை ஏற்றி ஏற்றி வைத்தாள். சௌந்தர்யா கூப்பிட்டு, "அக்கா, இந்தத் தடவ காதக் குத்துதுக்கா" என்றாள். அடுத்த முறையும் அதையே சொன்னாள். அதற்கடுத்த முறை கூப்பிடவில்லை. மீதி வேலையை என்னிடம் அனுப்பினார்கள்.

அன்றைக்கு அமுதா சாப்பிடவில்லை. "நான் பண்ணதுல என்னாங்க தப்பு? எனக்கு நல்லாத்தானே கேக்குது?" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டுக்கொண்டேன். அடி தாங்கத் தெரியாது என்று நான் முன்னாடியே நினைத்தது சரியாகிவிட்டது பாருங்கள்.

டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். கடலூர் வரை கார் வைத்து. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, ரொம்பச் சத்தமாக எதையாவது நெடுநேரம் கேட்டீர்களா என்றார். நான் அதை அவள் கண்ணெதிரே மெதுவாக வாயசைத்துத் திருப்பிச் சொன்னேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொன்னாள்.

"நாப்பதுக்கு மேல வெச்சதே இல்லீங்க டாக்டர். இவரு வுடவே மாட்டாரு."

டாக்டர் என்னைப் பாராட்டுகிற மாதிரி பார்த்தார். அப்புறம் வேறு காரணம் வேண்டுமே என்று யோசித்தார். அவள் கல்யாணத்துக்கு முன்பு தம்பியின் பட்டறையில், மண் அரைக்கிற பெரிய உருளைக்குப் பக்கத்து அறையில் வேலை பார்த்ததை நான் ஞாபகப்படுத்தினேன். உருளை பகலெல்லாம் கடகடவென்று ஓடும். பொய் ஒன்றும் இல்லை. அவர் அதை எழுதிக்கொண்டார்.

மாணிக்கவேல் அன்று எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "என்னாலதான் மாமா. நான்தான் அக்காவ அங்க கொண்டு போயி உக்கார வெச்சேன்." சவுண்டை ஆஃப் பண்ணிவிட்டு ஆடுகிற பையன். அழாதே, நீ தெரிந்தா செய்தாய் என்று தேற்றினேன். அவன் அந்த உருளையை ஊருக்கு வெளியே கொட்டகை போட்டு மாற்றினான். அக்காவுக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுத்தான். அதில் சத்தம் வந்தது, சொல் வரவில்லை. பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகிக்கொண்டாள். எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறவள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவள் நிறுத்தவில்லை, மேடம். அதுதான் எனக்கு இன்னமும் ஆச்சரியம். எது எப்படிக் கேட்கும் என்பது மனசில் இருக்கிறது என்றாள். பழக்கத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் கோடுகளைப் பார்த்தே இசை அமைத்தாள். முடித்ததும் என்னிடம் ஓட்டிக் காட்டி என் முகத்தைப் பார்ப்பாள். "நல்லா இருக்குதாங்க?" நான் உதட்டைப் பிதுக்குவேன். உடனே அழித்துவிடுவாள். அப்படி அழிந்தவற்றில் நாலைந்து இருந்தன... சரி, விடுங்கள். அவை இப்போது இல்லை.

போன வாரம் மாணிக்கவேல் அக்காவுக்கு மாத்திரை கொடுக்க வந்தான். அவள் குளிக்கப் போயிருந்தாள். இவன் சும்மா இருக்காமல் அந்த ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, திரையில் இருந்ததை ஓட்டிவிட்டான். நான் பக்கத்து அறையில் ஒரு மாணவனுக்கு ஃபோனில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டு வந்தேன். காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு நின்றிருந்தான். கழற்றி எறிந்த ஹெட்போன் தரையில் கிடந்தது. அங்கிருந்து நான் நின்ற வாசல்வரைக்கும் பாட்டு தெளிவாகக் கேட்டது. அவன் திரையைப் பார்த்தான். நாற்பது. குனிந்து வயரைப் பிடித்துக்கொண்டே போய் மேசைக்கு அடியில் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"மாமா, இது என்னா?"

பதில் சொல்ல நிறைய இருந்தது. அவனுக்குப் புரியாது என்று விட்டுவிட்டேன். அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டான். குளித்துவிட்டு வந்த அமுதா ஈரத் தலையோடு, தம்பி ஏன் சாப்பிடாமல் போய்விட்டான் என்று கேட்டாள்.

ஆக, நீங்கள் கேட்கிறபடியே சொல்கிறேன். ஆமாம், நான்தான். தெரிந்தேதான் செய்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், வகுப்பு முடிந்து, மாணவர்களை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்து செய்தேன். என் மனைவியின் காதை நான் எடுத்துவிட்டேன். நிறுத்துவதற்கு நிறைய ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன என்று நீங்கள் சொல்வீர்கள். இருந்தன. கோபத்தில் செய்யவில்லை. பொறாமை என்று நீங்கள் எழுதிய இடத்தை மட்டும் அடித்துவிடுங்கள். ஒரு தொழிலில் இருபது வருஷம் இருந்தவன் நேற்று வந்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுவானா?

இன்னொன்று. இன்று காலையில் தம்பி அவளை இங்கே கூட்டி வந்தான். நீங்கள் வெளியே ஃபோனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. அவள் அழவில்லை, திட்டவில்லை. என் எதிரில் உட்கார்ந்து என் உதட்டையே பார்த்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்தக் குகைப் பாட்டு நெஜமாவே நல்லா இருந்துச்சாங்க?"

நான் வாயே திறக்கவில்லை, கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்று மாணிக்கவேல் உங்களிடம் சொல்லியிருக்கிறான். அது பொய். அவன் அப்போது அவளுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, ரொம்ப நன்றாக இருந்தது, நான் கேட்டதிலேயே அதுதான் நல்ல பாட்டு என்று தெளிவாகச் சொன்னேன். ஒரு ஆசிரியன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், மேடம். அவளுக்குக் கேட்கவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?